ம் கொட்டும் பயிற்சி

சன்னலோரம் நீங்களே இருங்க அண்ணாச்சி, எனக்குக் காத்து ஆகாது, தொண்டை கட்டிரும். தொண்டைதானே நமக்குச் சோறு போடுது. எங்க, புளியங்குடிக்கா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு, பேச்சுத்துணைக்கு ஆளாச்சு. என்னமோ சொல்ல வந்தீங்களே... சரி, அப்புறம் சொல்லுங்க, தூரம் கெடக்கு.

நான் வாத்தியாருன்னு மூஞ்சியிலயே எழுதியிருக்கும். பாளையங்கோட்டையில ஒரு காலேஜ்ல காமர்ஸ் டிபார்ட்மெண்ட். பேரு ஆவுடையப்பன். பிள்ளைங்க வச்ச பேரு வேற. 'மைக்கு'. "ஏலே, மைக்கு வருதுடா"ன்னு வராண்டாவுல சொல்லுவானுவ, என் காதுல விழும். கோவப்பட மாட்டேன். உள்ளதைத்தானே சொல்லுதானுவ. காலேஜ் விழாவுல என்னை நன்றியுரைக்குக் கூப்பிட்டா, நான் வரவேற்புரையில இருந்து ஆரம்பிப்பேன். போன வருஷம் நான் பேசிட்டு இருக்கும்போதே கரண்டு போயிட்டு. கரண்டு போனது எனக்குத் தெரியாது, பாத்துக்கிடுங்க. பாதிக் கூட்டம் இருட்டுல எந்திரிச்சுப் போயிட்டு, அதுவும் தெரியாது. என் வீட்டுக்காரி தங்கபுஷ்பம் சொல்லுவா, "மிக்ஸி ஓடுத நேரந்தான் இந்த வீட்ல எனக்கு நிம்மதி"ன்னு.

இப்பேர்ப்பட்ட ஆளைக் கூப்பிட்டு, அடுத்தவன் பேசுதத எப்படிக் காது குடுத்துக் கேக்கணும்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுங்கன்னா எப்படி இருக்கும்? அதத்தான் எங்க பிரின்ஸ்பால் செஞ்சாரு.

காலேஜ்ல 'பணி வழிகாட்டு மையம்'னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. மூணாம் வருஷப் பிள்ளைங்க, படிப்பு முடியப் போகுது, மேல படிக்கவா, வேலைக்குப் போகவா, எந்த வேலைக்குப் போகன்னு முழிக்குதுகள்லா, அதுக கூட உக்காந்து பேச ஆள் வேணும். வாத்தியாருமாருக்கு நேரம் கிடையாது. அதனால எங்ககிட்ட பி.எச்.டி. பண்ணுத பிள்ளைங்களுக்குப் பயிற்சி குடுத்து அந்த நாற்காலியில உக்கார வைக்கணும். பயிற்சி குடுக்கது நான். எனக்குப் பயிற்சி குடுக்கதுக்கு மெட்ராஸ்ல ஒரு அம்மா. மெட்ராஸ் போயிட்டு வாரேன்னு வீட்ல சொன்னதும் தங்கபுஷ்பம் சிரிச்சா பாருங்க, அடுப்புல குழம்பு பொங்கி வழிஞ்சுது, அதக்கூட இறக்கலை. "நீங்க கேக்கச் சொல்லிக் குடுக்கப் போறீங்களா? நீங்களா?"ன்னா. அவளுக்கு என்ன தெரியும்.

மெட்ராஸ்ல அந்த அம்மா நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க. பல விஷயம் சொன்னாங்க. நான் இடையில இடையில நம்ம அனுபவத்தையும் கொஞ்சம் எடுத்துச் சொன்னதுனால, அவங்க சொன்னதுல பாதி எனக்குப் பிடிபடாமப் போச்சு. ஆனா கடைசியில ஒரு வார்த்தை சொன்னாங்க, அது மனசுல நின்னுட்டு. "பதில் சொல்லாதீங்க சார். கேளுங்க"ன்னாங்க.

கேளுங்க. இந்தத் தமிழ்ல ஒரு சிக்கல் இருக்கு அண்ணாச்சி. காதால கேக்கதுக்கும் கேளு, கேள்வி கேக்கதுக்கும் கேளு. நான் என்ன நெனச்சேன், கேள்வி கேக்கச் சொல்லுதாங்கன்னு நெனச்சுட்டேன். வந்து நாலு ஆராய்ச்சிப் பிள்ளைங்களையும் உக்கார வச்சு, மத்தியானம் பூரா பேசிப் பயிற்சி குடுத்தேன். "வாரவங்க கிட்ட பதிலே சொல்லாதீங்க, கேள்வியா கேளுங்க"ன்னேன்.

மறுவாரம் மையம் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆயிட்டு. இசக்கிதுரைன்னு ஒரு பையன், எக்கனாமிக்ஸ்ல ஆராய்ச்சி பண்ணுதான், தடி மீசை. வார பிள்ளைய எதிர்ல உக்கார வச்சு, "அப்பா என்ன வேலை? எத்தனை அரியர்? ஏன் அரியர்? இப்ப யாரு உன்னை இங்க அனுப்புனது?"ன்னு ஆரம்பிச்சுட்டான். ஒரு பிள்ளை தண்ணி குடிச்சுட்டு வாரேன்னு போச்சு, அது இன்னும் வரலை.

அப்புறந்தான் அந்த மெட்ராஸ் அம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லாத்தையும் விலாவாரியாச் சொன்னேன். அவங்க பொறுமையா இருந்துட்டு, "சார், கேளுங்கன்னா காதால கேளுங்க. நடுவுல எதுவும் சொல்லாதீங்க. ம் மட்டும் கொட்டுங்க, போதும். வாரவங்களுக்கே வழி தெரிஞ்சிரும்"ன்னாங்க.

எவ்வளவு லேசான விஷயம்! ம். இதுக்கா பயிற்சின்னு நெனச்சேன். ஆனா உக்காந்து யோசிச்சுப் பாத்தா, அண்ணாச்சி, ம்ல எத்தனை ம் இருக்கு தெரியுமா? சாப்டியான்னா 'ம்'. அது ஆமாங்கிற ம். கதை கேக்கும்போது கொட்டுதது மேல சொல்லுங்கிற ம். பொண்டாட்டி நகை கேக்கும்போது நாம சொல்லுதது காதுல விழலைங்கிற ம். கொஞ்சம் இழுத்தா 'அப்படியா சங்கதி'ங்கிற ம். தூக்கிச் சொன்னா 'என்னது?'ங்கிற ம். மூக்கால சொன்னா போதும் நிறுத்துங்கிற ம். என் வகுப்புல கடைசி பெஞ்சில இருந்து வாரது அந்த ம்தான்.

இத்தனையும் கரும்பலகையில எழுதிப் போட்டு, பிள்ளைங்களை ஒவ்வொருத்தரா நிக்க வச்சு சொல்லச் சொன்னேன். "மேல சொல்லு ம் மட்டுந்தான் நமக்கு. சரிங்கிற ம் வரப்படாது. சொல்லு பாப்போம்." "ம்." "தலையாட்டாம சொல்லு." "ம்." "இழுக்காத." "ம்." வெளிய போன தமிழ்த்துறை வாத்தியாரு எட்டிப் பாத்துட்டு, "பாட்டு வகுப்பா சார்?"ன்னு கேட்டுட்டுப் போறாரு. போகட்டும்.

நல்லா சொன்னது செண்பகவடிவுதான். காமர்ஸ்ல எங்கிட்டயே பி.எச்.டி. பண்ணுத பிள்ளை. தென்காசிப் பக்கம். வாயே திறக்க மாட்டா. அவ ஆராய்ச்சியப் பத்தி வாரா வாரம் நான் பேசுவேன், அவ கேட்டுக்கிட்டே இருப்பா. அவ என்ன ஆராய்ச்சி பண்ணுதான்னு நான் தெளிவாச் சொல்லுவேன், அவ்வளவு பேசியிருக்கேன் அதப் பத்தி. ம் கொட்டுததுக்குன்னே பொறந்த பிள்ளைன்னு அப்பவே நெனச்சேன்.

மையத்துக்கு மொதல்ல ஒருத்தரும் சரியா வரலை. 'கவுன்சிலிங்'னு போர்டு போட்டோம்லா, அதுல வந்த வினை. இன்ஜினியரிங் சீட்டுக்கான கவுன்சிலிங்னு நெனச்சு ப்ளஸ் டூ பிள்ளைங்களோட அப்பாமாரு வந்து கட் ஆஃப் கேட்டாங்க. ஒரு பையன் காதல் தோல்வின்னு வந்து அழுதான். இசக்கிதுரை ம் கொட்டுனான், அவனும் கூடச் சேர்ந்து அழுதுட்டான். ஒரு அம்மா மகனைக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, "எந்நேரமும் செல்லுதான் சார், நல்லாக் கவுன்சிலிங் குடுங்க, நாலு அடி குடுத்தாலும் தப்பில்ல"ன்னு சொல்லுதா.

மானூர் வந்துட்டா? வெரசாத்தான் போறான்.

நான் எதுக்கு இன்னைக்குப் புளியங்குடிக்குப் போறேன்னு சொல்லவே இல்ல பாருங்க. பேச்சியம்மாளைப் பாக்கத்தான் போறேன்.

பேச்சியம்மாளுக்குப் புளியங்குடிதான் ஊரு, மூணாம் வருஷம் பி.காம். பேருதான் பேச்சி, வாயில வார்த்தை இருக்காது. முன்பெஞ்சில இருப்பா, கணக்குன்னா பேனா பறக்கும், எந்திரிச்சு விளக்கம் சொல்லுன்னா தரையப் பாப்பா. நம்ம மையத்துக்கு மொத வெற்றின்னா அவதான். மெட்ராஸ்ல இருந்து ஒரு கம்பெனி வந்து ஆள் எடுத்தாங்க. என்ன வேலைன்னா, போன்ல கூப்பிட்டு லோன் வேணுமா, கார்டு வேணுமான்னு கேக்குத வேலை. நாம சாப்பிட உக்காரும்போது வரும்லா, "வேண்டாம்மா"ன்னு வைப்போம்லா, அதுதான். ஆனா ஏசி. தங்க எடம் குடுக்காங்க. இவளை நான்தான் தயார் பண்ணினேன். 'உங்களைப் பத்திச் சொல்லுங்க'ன்னு கேப்பாங்கன்னு, அவளைப் பத்தி நானே எழுதிக் குடுத்தேன். நல்லா கலகலன்னு பழகுவேன், பேசுதது எனக்கு உசுருன்னு எழுதியிருந்தேன். மூச்சு விடாம ஒப்பிச்சா பாருங்க, எடுத்துட்டாங்க.

அந்தானைக்கு, கையோட கையா, அவ போட்டோவ ஆபீஸ்ல வாங்கி, காலேஜ் வாசல்ல ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் வச்சேன். 'எங்கள் முதல் முத்து'ன்னு. அவ போட்டோ ஒரு பக்கம், என் போட்டோ ஒரு பக்கம். என்னது கொஞ்சம் பெருசாப் போயிட்டு, கடைக்காரன் செஞ்ச வேலை. அன்னையில இருந்து பிள்ளை பின்வாசல் வழியாத்தான் வருது. அவ்வளவு அடக்கம்.

அப்புறம் எங்கிட்ட சில தடவை வந்தா. "சார், ஒரு விஷயம்"ம்பா. எனக்குத் தெரியாதா என்ன விஷயம்னு? மொத மொத வெளியூர் போற பயம். "பயப்படாத பேச்சி, மெட்ராஸ் ஒண்ணும் கடிச்சுத் தின்னுராது, நான் மொதல்ல மெட்ராஸ் போனப்போ"ன்னு நம்ம கதையச் சொல்லித் தைரியம் குடுத்து அனுப்புவேன். ஒவ்வொரு தடவையும் முழுக் கதையும் சொல்லித்தான் அனுப்புவேன். அவளும் கேட்டுட்டுப் போவா. நான் என்ன கொறை வச்சேன், நீங்களே சொல்லுங்க? இருங்க, முடிச்சிருதேன்.

நேத்து சாயங்காலம் மையத்துக்குப் போயிருக்கா. செண்பகவடிவு நாற்காலியில இருந்திருக்கா. என்ன பேசுனாங்களோ தெரியலை. ராத்திரி கம்பெனிக்கு மெயில் போட்டுட்டா, வேலைக்கு வரலைன்னு.

இன்னைக்குக் காலையில கம்பெனியில இருந்து போன் வருது. எனக்குத் தலை சுத்திட்டு. திங்கக்கிழமை டெல்லியில இருந்து கமிட்டி வருது அண்ணாச்சி, காலேஜுக்கு மார்க் போட. அவங்க வந்து இறங்குத வாசல்ல ஃப்ளெக்ஸ். 'முதல் முத்து யாரு, கூப்பிடுங்க'ன்னா நான் யாரைக் காட்ட? நான் என் மானத்துக்காகச் சொல்லலை, அந்தப் பிள்ளை வாழ்க்கைக்காகச் சொல்லுதேன். கம்பெனிக்காரர்கிட்ட கெஞ்சுனேன். "சரி சார், இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அந்தப் பொண்ணு தன் வாயால கூப்பிட்டு வாரேன்னு சொல்லட்டும், எடுத்துக்கிடுதோம். இல்லைன்னா அந்த எடம் வேற ஆளுக்குப் போயிரும்"னாரு.

மையத்துக்கு ஓடினேன். "என்னம்மா செஞ்ச?"ன்னேன் செண்பகவடிவுகிட்ட.

"பேச்சி வந்து பேசுனா சார். நான் ம் கொட்டுனேன்."

"கடைசியா என்ன கேட்டா?"

"அப்ப நான் போகலைன்னு எழுதிரட்டுமாக்கான்னா."

"நீ என்ன சொன்ன?"

"ம்."

"எந்த ம்? சொல்லிக் காட்டு."

"ம்."

"இது சரிங்கிற ம்லா!"

"இல்ல சார், மேல சொல்லு ம். நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

நான் இசக்கிதுரையக் கூப்பிட்டு, "நீ சொல்லு, இது எந்த ம்?"ன்னேன். அவன் மீசையத் தடவிட்டு, "சார், மேல சொல்லு ம்தான் சார், ஆனா கேக்கவங்களுக்கு சரிங்கிற ம் மாதிரியும் கேக்கும்"னான். இவனெல்லாம் ஆராய்ச்சி பண்ணி என்னத்தக் கிழிக்கப் போறான். எனக்குக் கோவம் தலைக்கேறிட்டு. செண்பகவடிவு பக்கம் திரும்பி, "ஒரு பிள்ளை வாழ்க்கையவே கெடுத்துட்டியே. நீ இனிமே இந்த மையத்துக்கு வரண்டாம்"னு சொல்லிட்டேன். அவ மையத்துச் சாவிய மேசையில வச்சுட்டுப் போயிட்டா. ஒரு வார்த்தை எதுத்துப் பேசியிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

பேச்சி இன்னைக்குக் காலேஜுக்கு வரலை, ஊர்லதான் இருக்காளாம், போன் போட்டா எடுக்க மாட்டேங்கா. அதான் பஸ் ஏறிட்டேன். நேர்ல போயி உக்காந்து பேசுனா மாத்திரலாம். நம்ம பேச்சுக்கு அசையாத ஆள் உண்டா? அவ அம்மாவையும் வச்சுப் பேசி, அங்கனயே கம்பெனிக்குப் போன் போட வச்சிருவேன். 'வாரேன் சார்'னு ஒரே ஒரு வார்த்தை. அதையும் எப்படிச் சொல்லணும்னு வழியிலயே யோசிச்சு வச்சுட்டேன்.

சங்கரன்கோவில் தாண்டிட்டா? பாருங்க, பேசிட்டு வந்தா தூரமே தெரியலை. உங்களுக்குத் தெரிஞ்சுதோ என்னமோ.

இருங்க, போன் அடிக்கு. ஆத்தி, அவதான்!

ஏ பேச்சி! நான் பஸ்ல வந்துட்டே இருக்கேன்மா. நீ ஒண்ணும் பேசாண்டாம், பயப்படாண்டாம், எல்லாம் நான் பேசிக்கிடுதேன். அம்மாகிட்டயும் நான் பேசுதேன். நீ கம்பெனிக்கு ஒரே ஒரு வார்த்தை... என்னம்மா?... இல்ல, நான் என்ன சொல்லுதேன்னா... சரி, நீ சொல்லு... ஆமா, வந்த, நானும்தான்... சரி, சரி, சொல்லு... ம்... ம்... நாலு தடவையா?... ம்... ம்... ம்... இல்லம்மா, வைக்கலை. லைன்லதான் இருக்கேன். கேக்குது, நல்லாக் கேக்குது, சொல்லு... ம்... ம்... அப்படியா சொன்னாரு?... ம்... ... ம்.

வச்சுட்டா.

கொஞ்சம் தண்ணி இருக்குமா அண்ணாச்சி?

என் சத்தத்தைக் காணும்னு, "சார், டவர் போயிட்டா? லைன்ல இருக்கீங்களா?"ன்னு கேக்கா. நான் சும்மா இருந்தா டவர் போயிட்டுன்னுதான் நெனைக்கும் போல ஊரு.

லீவுக்கு லீவு அவ ஊர்ல ஒரு எலுமிச்சை மண்டியில கணக்கு பாக்காளாம். ரெண்டாம் வருஷத்துல இருந்தே. ஜி.எஸ்.டி. எல்லாம் அவதான் போடுதாளாம். மண்டிக்காரர் நீ இங்கயே நிரந்தரமா இரு, சாயங்காலம் நேரத்தோட விட்டுருதேன், மேல படின்னு சொல்லியிருக்காரு. காஸ்ட் அக்கவுண்டன்ட் பரீட்சை எழுதணுமாம் அவளுக்கு. நம்ம டிபார்ட்மெண்ட்ல யாரும் எழுதிப் பாஸ் பண்ணாத பரீட்சை. நான் உட்பட. "முன்னப்பின்ன தெரியாதவங்களைப் போன்ல கூப்பிட்டுக் கடன் வாங்குங்கன்னு கெஞ்ச எனக்கு வாய் வராது சார். எனக்குக் கணக்குதான் வரும்"ங்கா. "இதச் சொல்லத்தான் உங்ககிட்ட நாலு தடவை வந்தேன். நாலு தடவையும் மெட்ராஸ் கதை சொல்லி அனுப்பிட்டீங்க"ங்கா.

கோவமாச் சொல்லலை அண்ணாச்சி. மரியாதையாத்தான் சொன்னா. அதுதான் எனக்குத் தாங்கலை.

செண்பகவடிவப் பத்தி நான் கேக்கவே இல்ல, அவளாத்தான் சொன்னா. "செண்பகம் அக்கா போகாதன்னும் சொல்லலை, போன்னும் சொல்லலை சார். ம் கொட்டுனாங்க, அவ்வளவுதான். நான் பேசிட்டே இருந்தேன். நான் பேசுனது மொத மொதலா எனக்கே கேட்டுச்சு சார். அப்பவே முடிவு தெரிஞ்சு போச்சு. கேக்கணுமேன்னுதான் கடைசியில அக்காகிட்ட கேட்டேன். அவங்களை ஏசாதீங்க"ங்கா.

அப்படியே என்னையும் கேட்டா. "அப்ப நான் போகலை சார், சரியா?"ன்னு.

நான் என்ன சொன்னேன், நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. 'ம்'னேன். அது சரிங்கிற ம்தான், சந்தேகமே வேண்டாம். எங்க இருந்து வந்துச்சுன்னுதான் தெரியலை. பஸ் ஏறும்போது நான் சொல்ல வந்தது வேற.

வெக்கமா இருக்கு அண்ணாச்சி. நிசமாவே வெக்கமா இருக்கு. ஃப்ளெக்ஸ்ல இருந்து அந்தப் பிள்ளை முழிச்சு முழிச்சு பாக்கு, அதுக்குப் பக்கத்துல என் மூஞ்சி வாயைத் திறந்துக்கிட்டு. திங்கக்கிழமைக்குள்ள கழட்டிரணும். கமிட்டி கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்.

ஆனா ஒண்ணு பாத்தீங்களா? நம்ம பயிற்சி வீண் போகலை! ம் கொட்டுனா வாரவங்களுக்கே வழி தெரியும்னு அந்த மெட்ராஸ் அம்மா சொன்னது அப்படியே நடந்திருக்கு. கரும்பலகையில எழுதிப் போட்டு சொல்லிக் குடுத்தது யாரு, நான்தானே? நாலு பேர்ல ஒருத்தி சரியாப் படிச்சிருக்கா. அவளை... அவளைத்தான் காலையில வெளிய போன்னு சொல்லிட்டு பஸ் ஏறியிருக்கேன்.

இருங்க, இப்பவே பேசிருதேன். ஸ்பீக்கர்ல போடுதேன், நீங்களும் கேளுங்க. பொம்பளைப் பிள்ளை, மனசு ஒடஞ்சு போயிருக்கும்.

அம்மா செண்பகம், நான் சார் பேசுதேன்... சாப்டியாம்மா? சரி, அதை விடு. பேச்சி போன் பண்ணினா. எல்லாம் சொன்னா. நீ செஞ்சதுதான் சரி. தப்பு எம்மேலதான். நான் காலையில சொன்னதை மனசுல வச்சுக்கிடாத. சாவி அங்கனயே மேசையிலதான் இருக்கு, யாரும் தொடலை, தொடவும் விடமாட்டேன். திங்கக்கிழமை வந்து உன் நாற்காலியில உக்காரும்மா. வருவியா?

...

கேட்டீங்களா அண்ணாச்சி?

'ம்'னா. வச்சுட்டா.

அது வாரேங்கிற ம்மா? மேல சொல்லுங்கன்னு எனக்கு எடம் குடுத்த ம்மா? இல்ல, மனுஷன் பேசி முடிச்சா சரின்னு கொட்டுன ம்மா? கரும்பலகை நெறைய எழுதிப் போட்டவன் நான், எனக்குப் பிடிபடலியே. இழுக்கவும் இல்ல, தூக்கவும் இல்ல. நீங்க காது குடுத்துக் கேட்டுட்டுத்தானே இருந்தீங்க. உங்க பேரு என்ன, என்ன தொழிலுன்னுகூட நான் இன்னும் கேக்கலை, ஆனாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

சொல்லுங்க அண்ணாச்சி. நான் வாயைத் திறக்கலை.